மண்ணுல ஓட்ட ஒரு பழைய வண்டி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டிருக்கீங்க. நம்பர் பிளேட்டோட ரோட்டுலயும் ஓட்டணும், மண்ணு கல்லு பாத்தா இறக்கவும் செய்யணும், பழசா இருந்தாலும் பரவால்ல, விலை கம்மியா இருக்கணும். அதனால இந்த இதழ் பூரா அதுதான். கார் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் வரும்.

சார், கையில ஒரு லட்சம் இருக்கு. வாரத்துல ஆறு நாள் வேலைக்குப் போக, ஞாயித்துக்கிழமை கொல்லிமலை அடிவாரத்துல மண் ரோட்டுல ஓட்ட. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மேல எனக்கு ஆசை, ஃப்ரெண்ட்ஸ் ஹீரோ எக்ஸ்பல்ஸ் எடுடாங்கறானுங்க, மாமா வீட்டுல ஹீரோ இம்பல்ஸ் ஒண்ணு ஓடாம நிக்குது, எடுத்துக்கோன்றாரு. எது எடுக்கட்டும்?
ராசிபுரம் வாசகர்

தம்பி, சிசி பாக்கறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க. மண்ணுல ஓட்டினா வண்டி கீழ விழும், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் விழும், விழுந்ததை ஒத்தையில தூக்கி நிறுத்த முடியுமாங்கறதுதான் முதல் கேள்வி. ஹிமாலயன் 411 பெட்ரோலோட கிட்டத்தட்ட 200 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 155 கிலோ. இம்பல்ஸ் 134 தான். வெயில்ல, சரிவுல, ரெண்டு தடவை விழுந்த பிறகு அந்த 45 கிலோ வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

ஹிமாலயன் கெட்ட வண்டின்னு சொல்லல. 24.5 பிஎஸ், 32 நியூட்டன் மீட்டர் டார்க், 15 லிட்டர் டேங்க், லக்கேஜ் கட்டி லடாக் வரைக்கும் போறவங்களுக்கு அருமையான வண்டி. ஆனா நீங்க கேக்கறது மண் ரோடு, ஓடைக் கரை, வரப்பு மாதிரி பாதை. அதுக்கு அது அதிகம். அதுலயும் 2016ல முதல்ல வந்த கார்புரேட்டர் ஹிமாலயன் மேல நிறைய புகார் வந்தது, ஆசை விடலைன்னா அதுக்கப்புறம் வந்த எஃப்ஐ, அதாவது ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியாப் பாருங்க. பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாம தடுக்கறதுதான் ஏபிஎஸ், 2020 பிஎஸ்6 மாடல்ல பின் ஏபிஎஸ்ஸை அணைச்சு வைக்க சுவிட்ச் உண்டு, 2018 ஏபிஎஸ் மாடல்ல அது கிடையாது, மண்ணுல இறங்கும்போது பின் வீலைக் கொஞ்சம் லாக் பண்ணி திருப்பறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம். ஒரு லட்சத்துல நல்ல 2020 வண்டி சிக்கினா அதிர்ஷ்டம்தான்.

உங்களுக்கு எக்ஸ்பல்ஸ் 200. 2019ல 97,000க்கு, அதாவது டெல்லி ஷோரூம் விலையில வந்த வண்டி, முன்னால 21 இஞ்ச், பின்னால 18 இஞ்ச் ஸ்போக் வீல், தரையில இருந்து 220 மிமீ உயரம், சஸ்பென்ஷன் முன்னால 190 மிமீ பின்னால 170 மிமீ இறங்கி ஏறும், ஏபிஎஸ் முன் வீலுக்கு மட்டும். 18 பிஎஸ் சொச்சம்தான் பவர், நாற்கர சாலையில 90க்கு மேல போனா எஞ்சின் கத்தும், கார்காரன் ஹாரன் அடிப்பான், அதைப் பொறுத்துக்கணும். ஸ்பேர் பார்ட்ஸ் ஊருக்கு ஊர் கிடைக்கும். இப்ப எக்ஸ்பல்ஸ் 210 வேற வந்துட்டதால பழசை விக்கறவங்களும் இருக்காங்க, பேரம் பேச நல்ல நேரம்.

மாமா வண்டி விஷயத்துக்கு வர்றேன். இம்பல்ஸ் 2011ல வந்தது, பிரேசில்ல ஹோண்டா வித்துட்டிருந்த பிராஸ் வண்டியோட அச்சு. எஞ்சின் ஹங்க் பைக்ல இருந்த அதே 149.2 சிசி குடும்பம், அதனால எஞ்சின் சாமான் கிடைச்சுரும், பாடி சாமானும் டேங்க்கும்தான் தேடணும். ஓசியில வருதுன்னா வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா முதல்ல ஆர்சியில முடியற தேதியைப் பாருங்க, 2011, 2012 வண்டின்னா 15 வருஷக் கணக்கு வந்து நிக்கும், புதுப்பிக்கணும். நின்ன வண்டிக்கு டேங்க்ல துரு, கார்புரேட்டர் அடைப்பு, டியூப், டயர், பேட்டரின்னு வரிசையா செலவு இருக்கு. ஒரு மெக்கானிக்கை வச்சு எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கம்மியா முடிஞ்சா ஒரு வருஷம் அதுலயே விழுந்து பழகுங்க, லட்சம் ரூபாய் பேங்க்லயே இருக்கட்டும்.

நாளன்னைக்கு ஒரு 2019 எக்ஸ்பல்ஸ் பாக்கப் போறேன். மெக்கானிக் யாரும் கூட வரமாட்டேங்கறாங்க. நானே என்னென்ன பாக்கணும்? வண்டில கீறல் நிறைய இருக்குன்னு போட்டோலயே தெரியுது, அதுதான் பயமா இருக்கு.
திருச்சி வாசகர்

கீறலைப் பாத்து பயப்படாதீங்க. டிரெயில் வண்டின்னா, அதாவது மண் பாதையில ஓட்டற வண்டின்னா, ஹேண்டில் முனை தேஞ்சிருக்கும், லீவர் வளைஞ்சிருக்கும், சைடு பிளாஸ்டிக் கீறியிருக்கும், அதெல்லாம் நூறு இருநூறுல முடியற சமாச்சாரம். நான் பயப்படறது பளபளன்னு புது பெயிண்ட் அடிச்சு, அடியில கருப்பு ஸ்ப்ரே அடிச்சு நிக்கற வண்டியைப் பாத்துதான், எதை மறைக்க அடிச்சான்னு தெரியாது.

போறதுக்கு முன்னாடி போன்லயே சொல்லிருங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் முதல் வேலை எஞ்சின் மேல கை வச்சுப் பாக்கறது. சூடா இருந்தா அவர் ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கார், ஏன்னு கேளுங்க. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் உண்மை தெரியும், நீலப் புகை வருதா, டேப்பட் சத்தம் சூடானதும் குறையுதா இல்ல கூடுதான்னு கவனிங்க.

அதுக்கும் முன்னாடி ஆயில் பாருங்க. ஆயில் பால் காப்பி நிறத்துல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, ஆத்துல இறக்கி ஏத்தி அப்படியே ஓட்டியிருக்கான்னு அர்த்தம், பேசாம கிளம்பி வந்துருங்க. கருப்பா இருந்தா மாத்தலைன்னு மட்டும்தான் அர்த்தம், அது பேரத்துக்கு உதவும்.

மண்ணுல ஓட்டின வண்டிக்கு எஞ்சினைக் கொல்றது விழுந்ததோ கல்லு அடிச்சதோ இல்ல, தூசி. ஏர் ஃபில்டரைக் கழட்டச் சொல்லுங்க, விக்கறவர் முகம் சுளிச்சாலும் பரவால்ல. ஃபில்டர் அழுக்கா இருக்கறது பிரச்சனையே இல்ல, அதோட வேலையே அதுதான். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குக் காத்து போற குழாய்க்குள்ள விரலை விட்டுத் தொட்டுப் பாருங்க. அங்க விரல்ல மண் ஒட்டினா பிஸ்டன் ரிங் வரைக்கும் மண் போயிருக்கு, இன்னைக்கு நல்லா ஓடும், ஆறு மாசத்துல ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். மெக்கானிக்குங்களே பல பேர் இதைப் பாக்கறதில்ல.

அடுத்தது முன் பக்கம். ஒரு ஆளை விட்டு வண்டியைச் சைடு ஸ்டாண்ட்ல சாய்ச்சு முன் வீலைத் தூக்கச் சொல்லிட்டு ஹேண்டிலை மெதுவா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க, நடுவுல வரும்போது டக்குன்னு ஒரு பள்ளத்துல உக்கார்ற மாதிரி இருந்தா கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பற பேரிங், போயிருச்சு. பெரிய செலவு இல்ல, ஆனா பேரத்துல கழிக்கணும். ஃபோர்க் கம்பில நகத்தை மேலிருந்து கீழ இழுத்துப் பாருங்க, எங்கயாவது நகம் மாட்டினா அங்க கல்லு அடிச்சிருக்கு, எத்தனை ஆயில் சீல் மாத்தினாலும் ஒழுகும். முன்னாடி நின்னு ஹேண்டிலும் முன் வீலும் ஒரே நேர்ல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஃபோர்க் முறுக்கியிருக்கு, சில சமயம் கிளாம்ப்பை லூஸ் பண்ணி நேராக்கினாலே சரியாயிடும், சில சமயம் ஆகாது.

வீலைச் சுத்தி விட்டு ரிம் ஆடுதா பாருங்க, சின்ன ஆட்டம் ஸ்போக் டைட் பண்ணினா போயிடும். ஒரு ஸ்பேனரை வச்சு ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிட்டே வாங்க, எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி ணிங் ணிங்னு கேக்கணும், ஒண்ணு ரெண்டு தொப்புன்னு கேட்டா லூஸ். ரிம் ஓரத்துல கல்லு அடிச்ச பள்ளம் பெருசா இருந்தா ரிம் விலையைக் கழிச்சுப் பேசுங்க. பின் வீலைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, டக் டக்னு வந்தா பேரிங் இல்லைன்னா பின் வீலைத் தாங்கற ஸ்விங் ஆர்ம்ல புஷ் தேஞ்சிருக்கு. பின் ஸ்பிராக்கெட்ல செயினைப் பின்பக்கமா இழுத்தா பல்லு பாதி தெரியற அளவுக்கு வந்துச்சுன்னா செயின் செட் மாத்தணும்.

குனிஞ்சு அடியில பாருங்க. எஞ்சினுக்குக் கீழ இருக்கற தகடு நசுங்கியிருக்கறது நல்லதுதான், அடியை அது வாங்கியிருக்கு. அதுக்கு மேல ஃபிரேம் குழாய் நசுங்கியிருக்கா, வெல்டிங் பக்கத்துல பெயிண்ட் வெடிச்சு துரு கோடு இருக்கா, ஃபுட் ரெஸ்ட் பிராக்கெட்ல வெல்டிங் வச்சிருக்கானான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹேண்டிலுக்குக் கீழ தலைப் பக்கம் ஃபிரேம்ல சேஸிஸ் நம்பர் இருக்கும், ஆர்சியோட ஒரு எழுத்து விடாம ஒத்துப் போகணும். எஞ்சின் நம்பரும்தான்.

கடைசியா ஓட்டிப் பாக்கும்போது டாப் கியர்ல மெதுவா போய்ட்டு திடீர்னு ஃபுல் த்ராட்டில் கொடுங்க. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சது, மண்ணுல பாதி கிளட்ச்லயே ஓட்டற பசங்க வண்டியில இது சகஜம். டயர் பக்கத்துல நாலு இலக்க எண் இருக்கும், 2219னு இருந்தா 2019ல 22வது வாரம் செஞ்சது, பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கட்டையாயிருக்கும். கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீங்க. 9,000 காட்டுதுன்னு சொல்றப்ப பிரேக் பெடலும் கியர் லீவர் ரப்பரும் தேஞ்சு வழவழன்னு இருந்தா எது பொய் சொல்லுதுன்னு உங்களுக்கே தெரியும்.

அண்ணா, ஆன்லைன்ல எக்ஸ்பல்ஸ் 200னு போட்டு ரொம்ப சீப்பா ஒண்ணு இருக்கு, 2020 மாடல், ஒரே ஓனர். எடுக்கலாமா?
ஓசூர் வாசகர்

நீங்க அனுப்பின போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். அது 200டி. அலாய் வீல், ரெண்டும் 17 இஞ்ச், டூரிங் வண்டி. பேரு ஒண்ணா இருக்கறதால விக்கறவனும் டியைப் போடமாட்டான், வாங்கறவனும் கேக்கமாட்டான். ரோட்டுக்கு நல்ல வண்டி, உங்க தேவைக்கு இல்ல. இதே மாதிரி ஹிமாலயன் தேடும்போது அதே கம்பெனியோட ஸ்க்ராம் 411 வந்து குறுக்க நிக்கும், அதுக்கு முன் வீல் 19 இஞ்ச். அதுல மண் ரோடு போகலாம், கல்லு மேட்டுல 21 இஞ்ச் வீல் ஏறற மாதிரி ஏறாது.

பெங்களூர்ல நல்ல வண்டியா கிடைக்குது. கேஏ ரெஜிஸ்ட்ரேஷன். வாங்கி இங்க ஓட்டினா என்ன ஆகும்?
வேலூர் வாசகர்

ஓட்டலாம், ஆனா காலத்துக்கும் ஓட்ட முடியாது. வேற மாநில வண்டியை இங்க 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா தமிழ்நாடு நம்பர் வாங்கணும், அதுக்கு அந்த ஊர் ஆர்டிஓ கொடுக்கற தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, ஃபார்ம் 28 வேணும், ஓனர் மாத்தறதுக்கு 29, 30, லோன் போட்டு எடுத்த வண்டின்னா ஆர்சியில இருக்கற லோன் பதிவை, அதாவது எச்பியை, கேன்சல் பண்ண ஃபார்ம் 35ம் பேங்க் லெட்டரும். இங்க வாழ்நாள் வரியைத் திரும்பக் கட்டணும். அந்த வரியையும் அலைச்சலையும் விலையோட கூட்டிப் பாத்தா பெங்களூர் வண்டி பாதி நேரம் சீப்பா இருக்காது. அப்படியும் நல்ல வண்டின்னா காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே அரசாங்கத்தோட பரிவாஹன் வெப்சைட்ல சலான் பாக்கி இருக்கா, பிளாக்லிஸ்ட்ல இருக்கா, லோன் ஓடுதான்னு பாத்துருங்க. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுத்துருங்க, நிறைய பேர் ஆர்சியை மாத்திட்டு இதை மறந்துடறாங்க.

கையெழுத்து போட்ட வெறும் ஃபார்மை வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கறேன்னு ஓட்டறது மட்டும் வேண்டவே வேண்டாம். விக்கறவருக்கும் ஆபத்து, உங்களுக்கும்.

கவாசாகி கேஎல்எக்ஸ் 140 பைக் ஒண்ணு, பேப்பர் இல்ல, பில்லு மட்டும் இருக்கு. செம கண்டிஷன். நம்பர் வாங்கிக்கலாம்னு சொல்றாங்க.
சேலம் வாசகர்

வாங்க முடியாது. அது டிராக்குல மட்டும் ஓட்ட வித்த வண்டி, ரோட்டுக்கு அனுமதி வாங்கின மாடலே இல்ல. யாராவது நம்பர் வாங்கித் தர்றேன்னா அது வேற வண்டியோட நம்பர்.

வணக்கம் சார். எனக்கு வயசு 34, உயரம் 5 அடி 2 அங்குலம். ஸ்கூட்டியும் வீட்டுக்காரர் பைக்கும் நல்லா ஓட்டுவேன். டிரெயில் பைக் ஓட்ட ஆசை, ஆனா உக்காந்தா கால் எட்டலை. எனக்கு ஏத்த வண்டி இருக்கா, இல்ல ஆசையை விட்டுடட்டுமா?
கோவை வாசகி

எதுக்கும்மா விடணும். ரெண்டு காலும் தரையில பட்டே ஆகணும்ங்கறது ஷோரூம்ல உக்காந்து பாக்கறவங்க கவலை. இடுப்பைக் கொஞ்சம் ஒரு பக்கம் நகத்தி ஒரு காலோட முன்பாதம் நல்லா ஊன்றினா போதும். சீட் உயரம் எக்ஸ்பல்ஸ் 823 மிமீ, ஹிமாலயன் 411 வெறும் 800, இம்பல்ஸ் 840. ஹிமாலயன்தான் குள்ளம், அதனால அதைத்தான் எல்லாரும் உங்களுக்குச் சொல்லுவாங்க. நான் சொல்லமாட்டேன், சாய ஆரம்பிச்சா அந்த எடையை ஒரு கால்ல பிடிக்க முடியாது. எக்ஸ்பல்ஸ் எடுத்து பின் ஷாக்கைக் கொஞ்சம் சாஃப்ட்டா வச்சு, சீட் ஃபோமை நல்ல சீட் கடைக்காரர்கிட்ட கொடுத்து கொஞ்சம் செதுக்கினீங்கன்னா போதும். ஒண்ணு கவனிங்க, சஸ்பென்ஷனை உயர்த்தற ரேலி கிட் போட்ட வண்டி வேண்டாம், அதுல சீட் 880 மிமீக்கு மேல போயிடும். ரேலி கிட்டைத் தனியா வாங்கி மாட்டின வண்டியா, கம்பெனியே ரேலி எடிஷன்னு ரெஜிஸ்டர் பண்ணி வித்த வண்டியாங்கறதும் ஆர்சியில மாடல் பேர் பாத்தா தெரியும், எல்லாருமே அதைப் பாருங்க. கம்பெனி கொடுத்த அளவுல இருந்து வண்டியை மாத்தினா சட்டச் சிக்கல் உண்டு, இன்சூரன்ஸ்காரனும் அதைத்தான் முதல்ல பிடிப்பான்.

அண்ணை, வவுனியாவில இருந்து எழுதுறன். இங்க ஜப்பான் பழைய டிரெயில் பைக்தான் கூட ஓடுது, ஹொண்டா பாஜா, யமஹா செரோ, சுசுகி ஜெபல். எல்லாம் 20, 30 வருசப் பழசு, விலையோ கேக்கேலாது. எதை எடுத்தா நல்லம்?
வவுனியா வாசகர்

2020ல இருந்து சில வருஷம் வாகன இறக்குமதியை நிறுத்தி வச்சிருந்ததுல உங்க ஊர்ல பழைய வண்டி விலை எகிறினது தெரிஞ்ச கதைதான். மூணுல எனக்குப் பிடிச்சது செரோ. 223 சிசி, பவர் கம்மி, ஆனா நூத்திப் பத்து கிலோ பக்கம்தான் எடை, சீட்டும் தாழ்வு, குளத்துக் கட்டுலயும் காட்டுப் பாதையிலயும் நடந்து போற வேகத்துல ஏத்தி இறக்க அதை அடிச்சுக்க ஆள் இல்ல. தூரம் போறவர்னா ஜெபல் 250 எக்ஸ்சி, 17 லிட்டர் டேங்க், அந்தப் பெரிய ஹெட்லைட்.

பாஜா வேணும்னா எது பாஜான்னு கேட்டுக்குங்க. பழைய எக்ஸ்எல்ஆர் பாஜா கிக்கர் மட்டும், 1995ல வந்த எக்ஸ்ஆர் 250 பாஜால செல்ஃப் இருக்கு. இந்த எக்ஸ்ஆர்ல ஆயில் ஃபிரேம் குழாய்க்குள்ள நிக்கும், எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தின பிறகு பாத்தாதான் சரியான அளவு காட்டும். இது தெரியாம ஆயில் குறைஞ்ச வண்டியை வருஷக்கணக்கா ஓட்டினவங்க உண்டு, கேம் ஷாஃப்ட் சத்தம் போடுதான்னு காது கொடுத்துக் கேளுங்க. இவ்வளவு பழைய வண்டில எஞ்சின் மாத்தியிருப்பாங்க, ஃபிரேமும் மாத்தியிருப்பாங்க, ரெண்டு நம்பரும் உங்க ஊர் ஆர்சியான சிஆர் புக்கோட ஒத்துப் போகாட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுருங்க. பேர் மாத்தாம ஓப்பன் பேப்பர்ல கை மாறி கை மாறி வந்த வண்டியும் அப்படித்தான், புத்தகத்துல பேர் இருக்கறவர் உயிரோட, ஊர்ல இருக்காரான்னு விசாரிச்சுட்டுக் காசைக் கொடுங்க.

வண்டி வாங்கிட்டேன் அண்ணா. இப்ப எங்க ஓட்டறது? காட்டுக்குள்ள போனா ஃபாரஸ்ட்காரங்க பிடிக்கறாங்களாமே.
தேனி வாசகர்

பிடிக்கத்தான் செய்வாங்க, பிடிக்கணும். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டியை விட்டா 1882 தமிழ்நாடு வனச் சட்டத்துலயே குத்தம், சரணாலயம்னா 1972 வன உயிரினச் சட்டமும் சேரும், வண்டி உள்ள போயிடும். அதைவிட யானை வர்ற பாதையில சைலன்சர் மாத்தின வண்டியோட போறது முட்டாள்தனம். நம்ம ஊர்ல மண் ரோட்டுக்கு என்ன பஞ்சம்? கிராமத்துப் புல வரைபடத்துல வண்டிப்பாதைன்னு குறிச்சிருக்கறது பொதுவா எல்லாருக்கும் உள்ள வழி, ஊருக்கு ஊர் இருக்கு, வயலுக்கு நடுவுல, ஏரிக்கு ஓரமா கிலோமீட்டர் கணக்குல போகும். ஆடு மாடு வந்தா நிறுத்தி வழி விடுங்க, களத்துல நெல்லு காயப் போட்டிருந்தா திரும்பிருங்க, டீக்கடையில நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க, மறுவாரமும் அதே வழியில விடுவாங்க. ஒழுங்கா கத்துக்கணும்னா கோலார் பக்கம் சி.எஸ். சந்தோஷ் நடத்தற பிக் ராக் டர்ட் பார்க் இருக்கு, பாலைவனத்துல நாள் கணக்கா நடக்கற டக்கார் ரேலியில பைக் ஓட்டின முதல் இந்தியர் அவர்தான். அங்க ஒரு நாள் கத்துக்கிட்டா தனியா ஓட்டி விழுந்து கத்துக்கற ஆறு மாசம் மிச்சம்.

வண்டி விலை போக 15,000 மிச்சம் இருக்கு. முதல்ல எதுக்குச் செலவு பண்ணட்டும்? சைலன்சர் மாத்தினா பிக்கப் கூடும்னு சொல்றாங்க.
திண்டுக்கல் வாசகர்

சைலன்சர் மாத்தினா சத்தம்தான் கூடும். முதல்ல கணுக்கால் மூடற பூட்ஸ், முழங்கால் கார்டு, இதுலயே பாதி போயிடும். மண்ணுல கணுக்கால் உடையறது சகஜம், 150 கிலோ வண்டி அது மேல விழும். மீதியில ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் பேடு, கோன் செட்ல கிரீஸ், ரெண்டு டியூப். டயர் தேஞ்சிருந்தா பின் டயர் ஒண்ணு. ஹேண்ட் கார்டு இல்லைன்னா ஒரு செட் மாட்டுங்க, இல்லாட்டி ஸ்பேர் கிளட்ச் லீவர் ஒண்ணு சீட்டுக்கு அடியில போட்டு வைங்க, உடைஞ்சா ஊர் வரைக்கும் தள்ள வேண்டாம்.